தடை வீட்டின் கதவு திங்கட்கிழமை திறக்கும்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, குடும்பத் தலைவர் ஓக்கைன் ஐயா அவர்களே, வெள்ளை உடுத்தும் பூசாரியார் சாவு வீட்டுக்கு வரலாகாது என்பதால் அவர் சார்பில் வந்திருக்கும் மூத்தவரே, வலையைக் கரையிலேயே போட்டுவிட்டு வந்த படகுக்காரர்களே, மீன் துறைத் தாய்மார்களே, எல்லாருக்கும் மேலாக இந்த வீட்டுப் பிள்ளைகளே! உங்கள் அனைவருக்கும் லான்டே அகோவின் வணக்கம்.

முதலில் எல்லாரும் நாற்காலியை முன்னால் கொண்டுவாருங்கள். இழுக்காதீர்கள். சிமெண்டுத் தரையில் இழுத்தால் கிறீச்சிடும். தூக்கி வையுங்கள். நான் ஒலிபெருக்கி இல்லாமல்தான் பேசப் போகிறேன். காதில் விழாதவர்கள் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். தெரிகிறது. இந்தக் கடற்கரையில் எந்தச் சாவானாலும், எந்தக் கல்யாணமானாலும், பந்தலும் நாற்காலியும் ஒலிபெருக்கியும் என் கடையிலிருந்துதான் போகின்றன. நாளை மறுநாள் பூசாரிகள் சோளம் விதைக்கிறார்கள். அந்த விதை முளைக்க வேண்டுமென்று ஒரு மாதம் சத்தத்துக்குத் தடை, இந்த நகரம் வாயை மூடிக்கொள்ளும். மேளம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, சாவுச் சடங்கும் இல்லை. அதனால் இன்று சனிக்கிழமை, அக்ரா முழுவதும் அவசர அவசரமாகத் தன் சாவுகளைச் செய்து முடிக்கிறது. வருஷத்தில் எனக்கு இதைவிடப் பெரிய வியாபார நாள் கிடையாது. அந்த நாளில் என் ஒலிபெருக்கிப் பெட்டிகள் அத்தனையும் கொட்டகையில் பூட்டிக் கிடக்கின்றன. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது.

ஏன் பூட்டினேன்? அதைச் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. நான் பேசும்போது பிள்ளைகள் குறுக்கே நடப்பார்கள். ஒருவன் முனகுவான், ஒருத்தி கையை உதறுவாள். இந்த மேசைக்கு அடியில் ஒருவன் படுத்திருக்கிறான், அவன் பாட்டுக்கு இருக்கட்டும். யாரும் யாரையும் அதட்டக் கூடாது. இன்று விருந்தாளிகள் நாம்தான். வீட்டுக்காரர்கள் அவர்கள்.

நண்பர்களே! இன்று காலை சிவப்பு மீன் வடிவில் செதுக்கிய சவப்பெட்டியில் வைத்து நாம் மண்ணுக்குள் இறக்கினோமே, அந்த நா ஷோமே டாகோ யார்? துறைத் தலைவி. படகு கரை தொட்டதும் அன்றைய மீனுக்கு முதல் விலை சொல்லும் உரிமை அவருடையது. அந்தக் குரல் உங்களுக்கு நினைவிருக்கிறதா? அலையைத் தாண்டிப் போகும் குரல். கடைசிப் படகில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். என் கடையில் இருக்கும் மிகப் பெரிய பெட்டிகூட ஷோமே அக்காவிடம் தோற்றுப்போகும் என்று நானே சொல்லித் திரிந்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட குரலை வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனவர் அவர். செருப்பைக் கழற்றுவது போல. ஏன்? உள்ளே அவர் மகன் டெய்கோ இருந்தான்.

அதோ, தூணோரம் தக்காளி விழுது டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் டெய்கோ. இன்று தாடி நரைக்கத் தொடங்கிய மனிதர். அன்று நடக்கப் பழகிய குழந்தை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். கண்ணைப் பார்க்க மாட்டான். லாரி ஹாரன் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதுவான். மருத்துவமனையில் ஒரு தாதி ஆட்டிசம் என்றார். ஷோமே அக்கா அதுவரை கேட்டிராத சொல். ஊர் கேட்டுப் பழகிய சொல் வேறு: சாபம்.

தண்ணீர் எடுக்கப் போனால் சாபம் என்றார்கள். மீன் விற்கப் போனால் சாபம் என்றார்கள். மாமியார் சொன்னார், பக்கத்து வீட்டார் சொன்னார்கள், கடைசியில் கணவரும் சொல்லிவிட்டுத் தன் தாய் வீட்டோடு போய்விட்டார். ஊருக்கு வெளியே ஒரு ஜெபக் கூடாரம். அங்கே பையனை விட்டுப் போ, மரத்தோடு பிணைத்து வைத்து ஜெபிப்போம், பேய் பசியால் ஓடிவிடும் என்றார்கள். அக்கா டெய்கோவைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே போனார். மரத்தைப் பார்த்தார். அதில் கட்டியிருந்த சங்கிலியையும் பார்த்தார். கூடாரத்தை நடத்திய தீர்க்கதரிசியிடம் அவர் சொன்னதைப் பல பேரிடம் பல விதமாகக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அவர் வாயாலேயே சொன்னது இது:

“ஐயா, நான் ஆட்டை வாங்கினாக்கூட இவ்வளவு குட்டைக் கயித்துல கட்ட மாட்டேன்.”

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை.

அந்த வருஷமும் தடை மாதம் வந்தது. நகரம் வாயை மூடியது. என் கடைக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நானும் பெட்டிகளைப் போர்த்தி வைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து நாற்காலிக் கால்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் டெய்கோ முற்றத்துக்கு வந்ததைப் பார்த்தேன். அதற்கு முன் அவனை நான் வெளியே பார்த்ததே இல்லை. வந்தான். மணலில் உட்கார்ந்தான். மறுநாளும் வந்தான். மற்றப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில், அவர்களைப் பார்க்காமல், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, புளித்த சோள மாவில் அவித்த கென்கே சாப்பிட்டான். அந்த மாதம் முழுக்க அவன் ஒரு தடவைகூடத் தலையை மோதிக்கொள்ளவில்லை.

பிறகு தடையை எடுக்கும் மேளம் கொட்டியது. ஊரே ஆடியது. நானும் ஒரு மாத ஏக்கத்தோடு எல்லாப் பெட்டிகளையும் ஒன்றாகத் திறந்துவிட்டேன். மதியத்துக்குள் டெய்கோ நெற்றியில் கட்டோடு அறைக்குள் கிடந்தான்.

அன்று மாலை அக்கா என் கடைக்கு வந்தார். சண்டை பிடிக்க வருகிறார் என்று நினைத்துக் கடைப் பையன்களை உள்ளே போகச் சொன்னேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படகுக்காரனிடம் விலை பேச உட்காருவாரே, அப்படி.

“லான்டே, ஒண்ணு கேக்குறேன். சாபத்துக்கு லீவு உண்டா?”

“என்னக்கா சொல்றீங்க?”

“இல்ல, ஒரு மாசம் எம்புள்ளைகிட்ட சாபத்தையே காணோம். இன்னைக்கு நீ சுவிட்சப் போட்ட, வந்துருச்சு. அப்ப அது சாபமா, உன் பெட்டியா?”

நண்பர்களே, இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எல்லாப் பிரசங்கத்துக்கும் நானே மைக் கொடுத்திருக்கிறேன். இந்த ஒரு கேள்விக்கு இணையாக ஒன்றையும் கேட்டதில்லை. சாபத்துக்கு லீவு உண்டா? சாபம் என்று சொல்லிப் பிள்ளையை மரத்தில் கட்டுகிறவர்களே, பதில் சொல்லுங்கள். சாபம் என்று சொல்லி மருமகளை வெளியே தள்ளுகிறவர்களே, பதில் சொல்லுங்கள். விதைக்காக ஒரு நகரமே ஒரு மாதம் சத்தமில்லாமல் இருக்குமாம். ஒரு பிள்ளைக்காக ஒரு சந்து ஒரு காலை வேளை இருக்காதாமா?

அவர் என்னிடம் இரக்கம் கேட்கவில்லை. இரக்கம் கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்கவும் மாட்டேன். என்னை உங்களுக்குத் தெரியும். அவர் பேரம் பேசினார். காலை வேளையில் என் கடையில் பெட்டி பாடக் கூடாது. பதிலுக்கு, மீன் துறையில் யார் செத்தாலும் பந்தலும் நாற்காலியும் என்னிடமிருந்துதான் எடுக்கப்படும். துறைத் தலைவி சொன்னால் துறை கேட்கும். நான் கொஞ்சம் யோசிப்பது போல நடித்தேன். உள்ளுக்குள் துள்ளினேன். அந்தப் பேரத்தில்தான் என் கடை இரண்டு கதவிலிருந்து ஆறு கதவானது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. நல்ல காரியம் நஷ்டத்தில்தான் நடக்க வேண்டும் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறது?

என்னை முடித்ததும் அடுத்தவரிடம் போனார். லாரிக்காரர்களிடம் போனார், இந்தச் சந்தில் ஹாரன் நின்றது. மாவு மில்லுக்காரரிடம் போனார், மில் மதியத்துக்கு மேல் ஓடத் தொடங்கியது. போதகரிடம் போனார். அவர்தான் கொஞ்சம் இழுத்தடித்தார், இங்கேதான் இருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் சும்மா இருக்குமா? வருஷம் முழுக்க இங்கே தடை என்று கேலி பேசியது. தடை வீடு, தடை வீடு என்று கூப்பிட்டது. அக்கா ஒரு நாள் பெயர்ப் பலகை எழுதுகிறவனை வரச் சொல்லி, அதே பெயரைக் கதவுக்கு மேல் எழுதி வைத்துவிட்டார்.

பலகை எழுதியதும் தாய்மார்கள் வரத் தொடங்கினார்கள். எங்கிருந்தோ, பஸ் மாறி பஸ் மாறி வந்தார்கள். முதலில் வந்தவர் அமர்லே. அதோ, ஓடோலேயைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான். கணவர் குடும்பம் அவரையும் பிள்ளையையும் மூட்டையோடு தெருவில் வைத்துவிட்டது. ஓடோலே அப்போது தண்ணீரைக் கண்டால் ஓடுவாள். கடலை நோக்கி ஓடுவாள். அதனால் அமர்லே மகளின் கணுக்காலைத் தன் கணுக்காலோடு துணியால் கட்டிக்கொண்டுதான் படுப்பார். படுப்பார் என்றுதான் சொல்கிறேன், தூங்குவார் என்று சொல்லவில்லை.

அமர்லே உள்ளே வந்து, பிள்ளைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். என்ன சொல்லித் தருவீர்கள், எப்போது பேசுவாள் என்று வரிசையாகக் கேட்டார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, உள்ளறையில் ஒரு பாயைக் காட்டினார்.

“இன்னைக்குப் புள்ளைக்கு ஒண்ணும் கெடையாது. நீ போயித் தூங்கு.”

“அவ ஓடிருவாக்கா.”

“ஓடட்டும். நான் மீன்காரி. வழுக்குறதப் பிடிக்கத்தான் பொறந்தேன்.”

அமர்லே மறுநாள்தான் எழுந்தார். எழுந்தபோது ஓடோலே முற்றத்தில் வலைக்கயிற்று ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தாள். அன்று முதல் தடை வீட்டின் சட்டம் அதுவானது. முதல் நாள் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, தாய்க்குத் தூக்கம். படம் காட்டிப் பேசப் பழக்குவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்தத் துணி உறுத்தும், எந்தச் சாப்பாடு இறங்காது என்று கண்டுபிடிப்பது, இதெல்லாம் அப்புறம். சிகிச்சை தெரிந்த ஒரு பெண்மணியை மருத்துவமனையிலிருந்து வாரம் தோறும் வரவழைத்தார், அதுவும் அப்புறம். முதலில் தூக்கம். கண்ணே திறக்க முடியாத தாய் பிள்ளையின் கண்ணில் என்ன பார்ப்பாள் என்று கேட்பார்.

சரி, தடை வீட்டில் எப்போதும் அமைதிதானா? அப்படி நினைத்தால் நீங்கள் உள்ளே வந்ததில்லை என்று அர்த்தம். ஊர்ச் சத்தம் தாங்காத பிள்ளைகள் தங்கள் சத்தத்தை அடக்குவார்களா என்ன? டெய்கோ டப்பாவைத் தட்டுவான். பேச்சு வராத வாய்க்கு அந்த டப்பாதான் நாக்கு. ஒரு தட்டு என்றால் ஒன்று, மூன்று தட்டு என்றால் வேறொன்று. அக்காவுக்கு எல்லாம் புரியும்.

ஒரு தடை மாதத்தில் அந்தத் தட்டு வம்பில் கொண்டுபோய் விட்டது. தடையைக் காக்கச் சுற்றிவந்த இளைஞர்கள் டப்பாச் சத்தத்தைக் கேட்டு உள்ளே நுழைந்துவிட்டார்கள். நான் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா, ஊருக்கே தடைன்னு தெரியும், உங்களுக்குத் தெரியாதா? அந்த மேளத்தக் குடுங்க.”

“எதுப்பா மேளம்?”

“அந்த டப்பாதான்.”

“அது அவன் நாக்கு. அறுத்துட்டுத்தான் போவேன்னா அறு. ஆனா மொதல்ல உன்னோடதையும் அறுத்து வை. நீயும் தடையிலதான பேசிக்கிட்டு இருக்க?”

இளைஞர்கள் திகைத்துப்போய் பூசாரியாரிடம் சொல்லப் போனார்கள். இதுதான் பெரிய சிக்கல். யோசித்துப் பாருங்கள். சந்து முழுவதையும் அமைதியாக்க அக்கா கையில் எடுத்ததே இந்தத் தடையைத்தான். அதே தடை இப்போது அவர் மகனின் வாயைப் பொத்த வந்திருக்கிறது. வேறு யாராவதாக இருந்தால் டப்பாவை ஒரு மாதம் ஒளித்து வைத்திருப்பார்கள். நானே அதைத்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. செருப்பில்லாமல், மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, டப்பாவோடு நேரே பூசாரியார் முற்றத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன், வேடிக்கை பார்க்கத்தான்.

பூசாரியார் வெள்ளைத் துணியில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஆட்கள். அத்தனை பேர் முன்னால், தடை மாதத்தில், அந்த முற்றத்தில், டெய்கோ டப்பாவை எடுத்து மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினான்.

பையன் என்ன சொல்கிறான் என்று பூசாரியார் கேட்டார்.

“பசிக்குதுன்னு சொல்றான்” என்றார் அக்கா.

உடனே கென்கேயும் பொரித்த மீனும் வந்தன. டெய்கோ மீனைத் தள்ளி வைத்துவிட்டுக் கென்கேயை மட்டும் சாப்பிட்டான். அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை பூசாரியார் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இளைஞர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“மேளத்த நிறுத்தச் சொன்னோம். பசியச் சொல்லக் கூடாதுன்னு சொல்லலியே.”

அவ்வளவுதான். அன்று முதல் இந்த நகரத்தில் தடை மாதத்திலும் தட்டலாம் என்று உத்தரவு பெற்ற ஒரே டப்பா அதுதான்.

திரும்பி வரும் வழியில், அவனுக்கு இந்த நேரத்திலா பசித்தது என்று கேட்டேன். அக்கா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ரெண்டு தட்டுன்னா, என்னை விட்டுத் தள்ளிப் போங்கன்னு அர்த்தம்டா. அதப் போயி பூசாரிகிட்ட சொல்ல முடியுமா?”

சிரியுங்கள். அவர் இருந்தாலும் சிரித்திருப்பார். பூசாரியார் சார்பில் வந்திருக்கும் மூத்தவரே, இதைப் போய் அவரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். அவரும் சிரிப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

சிரித்தது போதும். இப்போது கசப்பான விஷயத்துக்கு வருகிறேன்.

ஓக்கைன் ஐயா, நான் எழுந்ததிலிருந்து நீங்கள் தரையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். வழக்கப்படி இந்த வீடு குடும்பச் சொத்து. ஷோமே அக்கா உயிரோடு இருக்கும் வரை அவருக்கு, அதன் பிறகு குடும்பத்துக்கு. நாளை குடும்பம் கூடுகிறது. வீட்டைக் காலி செய்து, தடை மாதம் முடிந்ததும் இங்கே ஒரு மதுக்கடை திறப்பதென்று பேச்சு. இதை நான் வதந்தியாகக் கேட்கவில்லை. முந்தாநாள் நீங்களே என் கடைக்கு வந்து, நான்கு பெரிய பெட்டிகளுக்கு வாடகை விசாரித்தீர்கள். டெய்கோவை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். ஊருக்கு வெளியே ஒரு கூடாரம் இருக்கிறது, பார்த்துக்கொள்வார்கள் என்றீர்கள்.

எந்தக் கூடாரம்? அந்த மரம் இன்னும் அங்கேதான் நிற்கிறது, ஐயா!

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் மறைக்க மாட்டேன். குடும்பத்தில் வேலை இல்லாத பையன்கள் இருக்கிறார்கள். சும்மா கிடக்கும் சொத்து யாருக்கும் சோறு போடாது. உண்மைதான். சட்டமும் வழக்கமும் உங்கள் பக்கம். நான் வக்கீல் இல்லை. வியாபாரி. வியாபாரம் மட்டும்தான் பேசுவேன்.

மதுக்கடை நடத்த என்னென்ன வேண்டும்? பாட்டுப் பெட்டி வேண்டும். நான் தர மாட்டேன். என்னிடம் இல்லாவிட்டால் வேறு இடம் என்று நினைக்கிறீர்களா? இந்தக் கடற்கரையில் பெட்டி வாடகைக்கு விடுகிற ஒவ்வொருவனிடமும் நேற்று போய் உட்கார்ந்து பேசிவிட்டேன். அவர்களில் பாதிப் பேர் இதோ இந்த நாற்காலிகளில் இருக்கிறார்கள். கை தூக்குங்கள் அப்பா, ஐயா பார்க்கட்டும். சரி, இறக்குங்கள். அடுத்து, குடிக்கிறவனுக்குப் பொரித்த மீன் வேண்டும். துறைத் தாய்மார்களே, தங்கள் தலைவியின் வீட்டில் நடக்கும் மதுக்கடைக்கு மீன் கொடுப்பீர்களா? சத்தமாகச் சொல்ல வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா. நாற்காலி? என்னுடையது. ஐஸ்? ஐஸ்காரரின் பேரன் இந்த மேசைக்கு அடியில் படுத்திருக்கிறான்.

மிரட்டுகிறேன் என்று நினைத்தால், ஆமாம், மிரட்டத்தான் செய்கிறேன். ஆனால் மிரட்டிவிட்டுப் போவது வியாபாரம் ஆகாது. ஆகவே பேரமும் பேசுகிறேன். வீட்டை எனக்கு வாடகைக்கு விடுங்கள். மதுக்கடைக்காரன் என்ன தருவானோ அதை நான் தருகிறேன். உங்கள் பையன்கள் இருவருக்கு என் கொட்டகையில் வேலை உண்டு. பந்தல் போடக் கற்றுக்கொள்ளட்டும். வீட்டை நடத்துவது அமர்லே. அவருக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. டெய்கோ தன் அறையிலேயே, தன் தூணோரத்திலேயே, தன் டப்பாவோடு இருப்பார். எந்த மரத்துக்கும் அவர் போக மாட்டார்.

சபையோரே! நம் வழக்கப்படி சாவில் கதறி அழ வேண்டும். எவ்வளவு சத்தம் போடுகிறோமோ அவ்வளவு மரியாதை. சத்தத்தை விற்றுப் பிழைக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் இந்த ஒருவருக்கு மட்டும் அந்த மரியாதை வேண்டாம். நாம் போடும் சத்தத்தில் அவர் பிள்ளைகள் இங்கிருந்து ஓட வேண்டியிருந்தால், நாம் யாருக்கு அழுகிறோம்? ஷோமே டாகோவுக்கு மரியாதை செய்ய விரும்புகிறவர்கள் திங்கட்கிழமை காலையில் இந்தச் சந்தில் ஹாரன் அடிக்காமல் போங்கள். தெருவில் ஒரு பிள்ளை விழுந்து புரண்டால் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைக் கலையுங்கள். உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளையைப் பின்கட்டில் அடைத்து வைத்திருந்தால், ஆமாம், உங்களில் சிலரையும்தான் சொல்கிறேன், கையைப் பிடித்து இங்கே கூட்டி வாருங்கள். பாய் விரித்திருக்கும். நீங்கள் முதலில் தூங்குங்கள். திங்கட்கிழமை கதவு திறக்கும். அதற்கடுத்த திங்கட்கிழமையும் திறக்கும். தடை முடிந்து ஊரே மேளம் கொட்டும் அன்றும் இந்தக் கதவு திறந்திருக்கும், இந்தச் சந்து மட்டும் அமைதியாக இருக்கும்.

ஓக்கைன் ஐயா, உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நாளை குடும்பம் கூடி முடிவு செய்வதற்கு முன், இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே? இங்கேயே கேளுங்கள். எழுந்து வாருங்கள். பார்த்து, மெதுவாக. பக்கத்தில் போகலாம், தொட வேண்டாம். அவரைப் பார்த்துக் கேளுங்கள்: டெய்கோ, வீட்டைக் காலி செய்யட்டுமா?

எல்லாரும் கொஞ்சம் பேசாமல் இருங்கள்.

கேட்டீர்களா? பின்வரிசைக்கும் கேட்டதா? இரண்டு தட்டு.

அமருங்கள், ஐயா. அதற்கு அர்த்தம் இப்போது இந்தச் சபைக்கே தெரியும்.